கழுத்தில் விழுந்த விரிசல்

பர்மிங்காமில் நூறு ஆண்டுகளுக்கு முன் செய்த இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. அதன் மரக்கட்டையின் கழுத்தில், கை பற்றும் இடத்தில், மயிரிழைபோல ஒரு விரிசல். புதுக்கட்டை போடலாமா என்று கேட்பவர் முதலில் குழலைப் பார்க்க வேண்டும். குழல்களின் அடியில், 1813இல் தொடங்கிய அந்த ஊர்ச் சோதனைச்சாலையின் முத்திரைகள் இருக்கும். கறுப்பு வெடிமருந்துக்கு மட்டும் தேறியதா, புகையில்லா மருந்தையும் தாங்குமா என்பதை அவை சொல்லும். குழலின் சுவர் எங்கேனும் அரை மில்லிமீட்டருக்கும் கீழே தேய்ந்திருந்தால், கட்டைக்குச் செலவழிப்பது வீண்.

குழல் தேறினால், அடுத்தது மரம். 28 கிராம் ஈயக் குண்டுகள் நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் வெளியேறும்போது, மூன்று கிலோ துப்பாக்கி நொடிக்குச் சுமார் நான்கு மீட்டர் வேகத்தில் தோளை நோக்கி உதைக்கிறது. அந்த உதையை இரும்பிடமிருந்து வாங்குவது கட்டையின் தலைப்பகுதி. மரம் நாரோட்டத்தின் வழியே தாங்கும் இழுவிசையில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் குறுக்கே தாங்காது. இரும்பு முழுப்பரப்பிலும் படிந்து உட்கார்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. ஒரே புள்ளியில் பட்டால், ஒவ்வொரு வெடியும் விறகுக்கு ஆப்பு அடிப்பதுபோல நார்களைப் பிளக்கிறது.

அந்தப் படிமானத்தைக் கெடுப்பது பெரும்பாலும் எண்ணெய்தான். துருப்பிடிக்காமல் இருக்கத் தாராளமாக எண்ணெய் பூசி, துப்பாக்கியை நிமிர்த்தி வைப்பார்கள். அது இறங்கி, தலைமுறைக்கணக்கில் மரத்துக்குள் ஊறும். மரம் கறுத்து மெத்தென்று ஆகிவிடும். நகத்தால் அழுத்தினாலே தடம் விழும். ஆனாலும் அதை உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. சுண்ணப்பொடியைக் கரைப்பானில் குழைத்து அப்பி, இளஞ்சூடு காட்டினால், வெள்ளைப் பொடி பழுப்பாக மாறி எண்ணெயை உறிஞ்சும். பலமுறை செய்தபின் விரிசலுக்குள் எபாக்சி பசை நன்றாகப் பிடிக்கும். நார் உதிராதவரை, இந்த வழியைத்தான் நான் முதலில் சொல்வேன்.

புதுக்கட்டை என்பது எளிய வேலையல்ல. பல ஆண்டுகள் உலர்ந்த வால்நட் கட்டை வேண்டும். சுழி சுழியான அழகெல்லாம் பின்பகுதியில் இருக்கலாம். கழுத்தில் நார் நேராக ஓட வேண்டும். இரும்பில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்துவார்கள். கரி ஒட்டிய இடத்தை மட்டும் உளியால் சீவுவார்கள். மீண்டும் பூசி, மீண்டும் அழுத்தி, எங்கும் ஒரே சீராகக் கரி படியும்வரை நாள்கணக்கில் இது நடக்கும். பிரிட்டனில் சில நூறு பவுண்டுக்கே கிடைக்கும் சாதாரணப் பழைய துப்பாக்கிக்கு, இந்தக் கூலி அதன் விலையைப்போலப் பல மடங்கு. பெயர்பெற்ற பட்டறையின் கைவேலைப்பாடு, தேறிய குழல், உதிரும் மரம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் தாராளமாகச் செய்யலாம்.

தோளுக்குப் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் கட்டையை மாற்றவே வேண்டாம். மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் சூட்டில் இளகும். கழுத்தில் சுடவைத்த எண்ணெயை ஊற்றி, மெல்ல வளைத்து, இறுக்கிப் பிடித்து ஆறவிட்டால், பழைய கட்டையே புதிய தோளுக்கு வளைந்து கொடுக்கும்.