ரிசல்ட் வந்தாச்சு, கெம்பஸ் எப்போ?

உயர்தரப் பரீட்சை ரிசல்ட் வந்த வாரம் லயத்தில் சந்தோஷம். அடுத்த வாரத்திலிருந்து தாய் தகப்பன்மார் நலன்புரி ஆபீசுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "ஐயா, புள்ளைக்கு கெம்பஸ் கெடைச்சிருச்சா?" இன்னும் தெரியாது என்றால் முகம் வாடிப் போகிறது. மூணு பாடமும் பாஸ் ஆயிருச்சே, இன்னும் என்ன தெரிய வேணும் என்கிறார்கள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

மூன்று பாடம் சித்தியடைந்தால் விண்ணப்பம் போடும் தகுதி கிடைக்கிறது, அவ்வளவுதான். இடம் கிடைத்தது என்று அர்த்தமில்லை. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 40,000 பேருக்கு மேல் பல்கலைக்கழகங்களுக்கு எடுக்கிறார்கள். தகுதி பெறுகிறவர்களோ அதைவிட மிகவும் அதிகம். யார் உள்ளே, யார் வெளியே என்பதை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. 2001ஆம் ஆண்டுப் பரீட்சையிலிருந்து இந்த முறைதான்.

இசட் புள்ளி என்றால் என்ன? நம்ம மலையை வைத்தே சொல்கிறேன். கொழுந்து செழித்து நிற்கிற மலையில் எல்லாரும் சராசரியாக 25 கிலோ எடுக்கிறார்கள். வெயிலில் காய்ந்த மலையில் சராசரி 12 கிலோ. அங்கே ஒரு அக்கா 26 கிலோ எடுத்தார், இங்கே ஒரு அக்கா 18 கிலோ எடுத்தார். தராசு முதலாமவரைத்தான் சொல்லும். ஆனால் எது வேகமான கை என்று கங்காணிக்குத் தெரியும். அதே மாதிரி, லேசான பாடத்தில் எடுத்த 70 புள்ளியும் கஷ்டமான பாடத்தில் எடுத்த 70 புள்ளியும் ஒன்றல்ல. அந்தப் பாடம் எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து பிள்ளை எவ்வளவு மேலே நிற்கிறது, மற்றவர்கள் எந்த அளவுக்குச் சிதறி நிற்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, மூன்று பாடத்துக்கும் சராசரி போட்டால் வருவது இசட் புள்ளி. மைனஸ் போட்டு வந்திருந்தால் பிழை என்று நினைக்க வேண்டாம், சராசரிக்குக் கீழே என்று பொருள்.

அடுத்தது மாவட்டம். பெரும்பாலான படிப்புகளுக்கு 100 இடம் இருந்தால் 40 இடம் அகில இலங்கைத் தகுதிப்படி போகும். 55 இடம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி பிரியும். மிச்சம் 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அதில் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை, களுத்துறை, காலி, மாத்தறை இல்லை. அந்த மாவட்டங்களில் உள்ள தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த 5 வீதத்தில் பங்கு கிடையாது. அதே லயம், அதே மண்ணெண்ணெய் விளக்கில் படித்த தாய் தகப்பன், ஆனால் எல்லைக்கோடு வேறு பக்கம். சில படிப்புகளுக்கு மாவட்டப் பங்கே இல்லை, முழுக்க அகில இலங்கைத் தகுதிதான். அதை மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழிலும் கிடைக்கிறது.

"யாழ்ப்பாணத்துப் புள்ளைங்களுக்கு என்ன, எல்லாம் அவங்களுக்குத்தான்" என்று நம்ம ஆட்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்காக நெடுந்தீவைப் பற்றி ரெண்டு வார்த்தை. அதுவும் யாழ்ப்பாண மாவட்டம்தான். பட்டணத்திலிருந்து பஸ் ஏறி, கடல் நடுவே போட்ட ரோட்டில் வேலணை, புங்குடுதீவு தாண்டி, குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போக வேணும். அங்கிருந்து படகில் இன்னும் ஒரு மணி நேரம் அளவில். மாரி காலத்தில் கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. பட்டணத்தில் நல்ல டியூசன் வேண்டும் என்றால் தினமும் போய் வர முடியாது, தங்கித்தான் படிக்க வேணும். அதற்குக் காசு வேணும். அப்படிப் படித்த பிள்ளையும், பட்டணத்துப் பெரிய கல்லூரி வாசலிலேயே வீடு உள்ள பிள்ளையும் ஒரே மாவட்ட வரிசையில்தான் நிற்கிறார்கள். நுவரெலியா டவுன் பிள்ளையோடு நம்ம மேல் டிவிசன் பிள்ளை நிற்கிற மாதிரி. கணக்கு மாவட்டத்தோடு நின்றுவிடுகிறது, தீவையும் பார்ப்பதில்லை, தோட்டத்தையும் பார்ப்பதில்லை. பிரதேச செயலகப் பிரிவு வரைக்கும் இறங்கிப் பார்க்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

சரி, ஏன் இவ்வளவு தாமதம்? 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில் நடந்தது. ரிசல்ட் 2023 செப்டம்பர் 4ஆம் திகதிதான் வந்தது. ரிசல்ட்டுக்குப் பிறகு மீள்பரிசீலனை, விண்ணப்பம், அவற்றைச் சரிபார்ப்பது என்று மாதங்கள் ஓடும். வெட்டுப்புள்ளி என்பது யாரோ முதலிலேயே கிழித்து வைக்கிற கோடு இல்லை. மேலிருந்து ஒவ்வொரு பிள்ளையாக, அது எழுதிய விருப்ப வரிசைப்படி இடம் கொடுத்துக்கொண்டே வருவார்கள். கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. அதனால் ஆபீசில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. "நான் இடம் எடுத்துத் தாரேன்" என்று காசு கேட்கிறவன் கள்ளன்.

விருப்ப வரிசையில்தான் நம்ம பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். போன வருட வெட்டுப்புள்ளியைப் பார்த்துப் பயந்து, ஆசைப்பட்ட படிப்பை எழுதாமலே விடுகிறார்கள். முதலாவதாக ஆசைப்பட்டதை எழுதினால் நட்டம் ஒன்றுமில்லை. அது கிடைக்காவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். கிடைக்கக்கூடியதையும் கீழே நிறைய எழுதி வைக்க வேணும். நாலைந்தோடு நிறுத்தினால் கஷ்டம்.

இன்னொரு சிக்கல், இரண்டாம் தடவை பரீட்சைக்கு விண்ணப்பிக்கும் திகதி பெரும்பாலும் வெட்டுப்புள்ளிக்கு முன்னமே வந்துவிடும். புள்ளி எல்லையில் இருந்தால் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். மூன்று தடவை எழுதலாம். பத்தனை ஸ்ரீபாத போன்ற கல்வியியற் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் கோரினால் அதற்கும் போடுங்கள். கெம்பஸ் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் இரண்டும் கைவிட்டுப் போகலாம்.

காத்திருக்கிற மாதங்களில் பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு அனுப்புகிற வீடுகள் உண்டு. வீட்டு நிலைமை அப்படி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் விண்ணப்பத்தில் கொடுத்த போன் நம்பரை மாற்ற வேண்டாம். கடன் வாங்கிய சிம்மில் பதியவும் வேண்டாம். இமெயில் பாஸ்வேர்டை ஒரு கொப்பியில் எழுதி வீட்டிலேயே வையுங்கள். தெரிவானவர்கள் குறித்த நாட்களுக்குள் ஒன்லைனில் பதிந்து, காசும் கட்ட வேணும். தவறினால் அந்த இடம் வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். தபாலில் ஏதும் வந்தால் அது தோட்ட ஆபீசில்தான் கிடக்கும், ஆகவே வாரத்துக்கு இரண்டு தடவையாவது பெரட்டு முடிந்து போய்க் கேளுங்கள். பதிகிற நாளில் சிக்னல் இல்லாவிட்டால் பிள்ளையை நேரே நம்ம நலன்புரி ஆபீசுக்கு அனுப்புங்கள், அடையாள அட்டையும் ரிசல்ட் சீட்டும் கையில் இருக்கட்டும்.