மின்கட்டண ஆணையத்துக்கு ஒரு விஞ்ஞானி

ஒரு கடையில் மிளகாய் விலை ஏறினால் அடுத்த கடைக்குப் போகலாம். மின்சாரத்துக்கு அடுத்த கடை இல்லை. ஒரே தெருவில் இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே கம்பம் நட்டுக் கம்பி இழுப்பது வீண் செலவு என்பதால், ஓர் ஊருக்கு ஒரு நிறுவனம் என்று அரசே ஏகபோக உரிமையை வழங்கிவிடுவது பல நாடுகளில் வழக்கம். உரிமையை வழங்கிய அரசுக்கு விலையைக் கட்டுப்படுத்தும் கடமையும் உடன் வந்து சேர்கிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அக்கடமையை ஆற்ற ஒவ்வொரு மாநிலத்திலும் ஓர் ஆணையம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அதன் உறுப்பினரை ஆளுநர் நியமிக்கிறார். அரிசோனா, மொன்டானா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா முதலான ஏறக்குறையப் பத்து மாநிலங்களில் மட்டும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கின்றனர்.

2024ஆம் ஆண்டு நவம்பரில் அரிசோனாவின் ஆணையத்தில் மூன்று இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் சார்பில் நின்ற மூவருள் ஒருவர் ஜானதன் ஹில். இவர் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் செவ்வாய்க் கோள் ஆராய்ச்சியில் ஈடுபட்டவர். அதே தேர்தலில் மொன்டானா மாநிலத்தில் எலெனா எவன்ஸ் என்னும் நிலவியல் அறிஞர் எக்கட்சியையும் சாராமல் தனித்து நின்றார். அங்கே முந்திய ஆண்டில்தான் ஒரு மின் நிறுவனத்தின் வீட்டுக் கட்டணம் 28 விழுக்காடு உயர அனுமதி கிடைத்திருந்தது. இருவரும் தோற்றனர்.

செவ்வாயின் பாறைகளை ஆராய்பவருக்கு மின்கட்டணத்தில் என்ன வேலை என்று வாக்காளர் கேட்டால் அதைக் குறும்பு என்று தள்ள முடியாது. அதற்கு விடை காண, அந்த ஆணையம் நாள்தோறும் செய்யும் வேலை யாதென்று முதலில் அறிய வேண்டும்.

பெயரைக் கொண்டு வேலையை ஊகிக்க இயலாது. அரிசோனாவின் ஆணையத்துக்கு 'கார்ப்பரேஷன் கமிஷன்' என்று பெயர். தமிழ் வாசகருக்கு இச்சொல்லைக் கேட்டதும் குப்பை வண்டியும் தெருவிளக்கும் நினைவுக்கு வரும். அங்கே அது வணிக நிறுவனங்களைக் குறிக்கும் சொல். 1910இல் எழுதப்பட்ட அரிசோனாவின் அரசியல் சட்டம் இந்த ஆணையத்துக்குத் தனி இயலே வகுத்திருக்கிறது. அக்காலத்தில் இரயில்பாதை நிறுவனங்களும் சுரங்க நிறுவனங்களும் மாநிலத்தையே விலைக்கு வாங்கிவிடும் என்ற அச்சம் மக்களுக்கு இருந்தது. (டெக்சஸில் எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்க்கும் அமைப்புக்கு இன்றும் 'இரயில்பாதை ஆணையம்' என்றே பெயர். இரயில்பாதையோடு அதற்கு இப்போது தொடர்பே இல்லை!) அரிசோனா ஆணையத்தில் ஐந்து உறுப்பினர், பதவிக்காலம் நான்கு ஆண்டு, தொடர்ந்து இரு முறைக்கு மேல் இருக்கக்கூடாது. விஞ்ஞானமோ பொறியியலோ கணக்கியலோ கற்றிருக்க வேண்டும் என்ற விதி இல்லை.

இனிக் கட்டணம் பிறக்கும் முறையைக் காண்போம். நிறுவனம் ஓராண்டில் செலவிடும் எரிபொருள், சம்பளம், பழுதுபார்ப்பு, தேய்மானம், வரி ஆகியவற்றை ஆணையம் கூட்டுகிறது. நிறுவனம் முதலீடு செய்து எழுப்பிய மின்நிலையம், கம்பி, மின்மாற்றி இவற்றின் மதிப்பை வேறாகக் கணக்கிட்டு, அம்முதலுக்கு நியாயமான வருவாய் இவ்வளவு என்று ஒரு விழுக்காட்டை விதிக்கிறது. இரண்டையும் கூட்டி வரும் தொகையைப் பயனாளரிடம் பங்கிட்டு வசூலிப்பதே கட்டணம். நூறு கோடி டாலரில் ஒரு மின்நிலையம் எழுந்து, அதற்கு 9 விழுக்காடு வருவாய் என்று தீர்ப்பானால், ஆண்டுக்கு ஒன்பது கோடி டாலர் மக்களின் பில்லில் ஏறும். செலவைச் செலவாகவே வசூலிக்கும் நிறுவனத்துக்கு அதில் லாபம் இல்லை, முதலீட்டில்தான் லாபம். ஆகவே தேவைக்கு மேல் கட்டுவதற்கு நிறுவனத்துக்கு ஆசை உண்டாகும் என்று ஹார்வி அவெர்ச், லீலண்ட் ஜான்சன் என்னும் இரு பொருளியல் அறிஞர் 1962இலேயே எடுத்துக் காட்டினர்.

அரிசோனாவின் மிகப் பெரிய மின் நிறுவனமான 'அரிசோனா பப்ளிக் சர்வீஸ்' பங்குதாரருக்கு ஈட்டித் தரலாம் என்று ஆணையம் 2021இல் அனுமதித்த வருவாய் 8.7 விழுக்காடு. 2024இல் அனுமதித்தது 9.55 விழுக்காடு. முழுதாக ஒரு விழுக்காடுகூட இல்லையே என்று தோன்றும். பல நூறு கோடி டாலர் முதலின்மேல் அது ஆண்டுதோறும் ஏறும் தொகை என்பதை எண்ணினால், அந்தப் புள்ளிக்குப் பின்னுள்ள எண்ணுக்காக வழக்கறிஞர் மாதக்கணக்கில் வாதிடுவதன் காரணம் விளங்கும்.

விஞ்ஞானியின் பயிற்சி உதவும் இடம் இதற்கு அடுத்ததாக வருகிறது. அரிசோனாவில் நிறுவனங்கள் வரும் பதினைந்து ஆண்டுகளுக்கான மின் திட்டத்தை ஆணையத்தின் முன் வைக்க வேண்டும். அத்திட்டம் கணிப்பொறியில் பிறந்த ஒரு கற்பனை உலகம். கோடை எவ்வளவு சுடும், மக்கள் எத்தனை பேர் குடியேறுவர், கணினிக் கிடங்குகள் எத்தனை வரும், எரிவாயு விலை எங்கே நிற்கும் என்பனவெல்லாம் அதில் ஊகங்கள். 2023இல் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள் வெப்பம் 110 பாரன்ஹீட்டை எட்டியது. கடந்த காலச் சராசரியை மட்டும் வைத்துக் கணித்தவர்க்கு இத்தகைய கோடை ஓர் அடி. பாலைவனத்தில் சூரிய மின்சாரம் நண்பகலில் பெருகுகிறது. குளிர்சாதனங்களின் தேவையோ சூரியன் சாயும் மாலையிலும் தணிவதில்லை. அந்த மாலை நேரத்துக்குச் சேமிப்பு மின்கலமா, எரிவாயு நிலையமா? ஊகத்தில் ஓர் எண்ணை மாற்றினால் விடையும் மாறிவிடும். எந்த எண்ணை மாற்றினால் விடை கவிழ்கிறது என்று கேட்பதே ஆய்வுக்கூடத்தில் பழகியவரின் முதற் கேள்வியாக இருக்கும். கணக்கு தவறினால் அந்தத் தவற்றின் விலையை நாற்பது ஆண்டு செலுத்துவோர் பயனாளரே.

ஆணையத்தில் பொறியாளர் இல்லாமல் இல்லை. சம்பளம் வாங்கும் வல்லுநர் குழு ஒன்று அறிக்கை எழுதித் தருகிறது. வீட்டுப் பயனாளருக்காக வாதாடத் தனி அலுவலகமும் உண்டு. எனினும் தீர்ப்பு அந்த ஐவருடையது. அறிக்கையைப் படித்துக் கேள்வி கேட்க வல்லவருக்கும், கொடுத்த தாளில் கையெழுத்திடுபவருக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

ஆயினும் விஞ்ஞானம் விடையளிக்க முடியாத கேள்விகளும் அங்கே வருகின்றன. 2018 செப்டம்பரில் பீனிக்ஸ் நகரை அடுத்த ஊரில் 72 வயதுப் பெண்மணி ஒருவர் மின்கட்டணத்தில் 125 டாலர் செலுத்தினார். இன்னும் ஏறக்குறைய 51 டாலர் பாக்கி. இரண்டு நாள் கழித்து இணைப்புத் துண்டிக்கப்பட்டது. அன்று வெப்பம் 107 பாரன்ஹீட். சில நாள் சென்று அவர் வீட்டில் இறந்து கிடக்கக் கண்டனர். இச்செய்தி 2019இல் பத்திரிகையில் வெளிவந்த பின்னரே கோடையில் வீட்டு இணைப்பைத் துண்டிக்கலாகாது என்று ஆணையம் தடை விதித்தது. மனித உடல் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை மருத்துவமும் இயற்பியலும் முன்னமே சொல்லியிருந்தன. 51 டாலர் பாக்கிக்காகக் கம்பியை வெட்டலாமா என்பது யாரோ ஒருவர் முன்வந்து கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்பதற்குக் கோள் ஆராய்ச்சி தேவையில்லை. கேட்காமல் விட்டவர்களும் அறியாமையால் விட்டவர்களல்லர்.

அறிவுடையவர் நின்றால் வெல்வாரா என்பது வேறு கதை. வாக்குச் சீட்டில் அதிபர், செனட்டர் பெயர்களெல்லாம் கடந்து கீழே வரும் பதவி இது. பெரும்பாலோர் கட்சியைப் பார்த்துக் குறியிடுகின்றனர். 2024இல் மூன்று இடங்களையும் குடியரசுக் கட்சியே வென்றது, ஐந்து உறுப்பினரும் அக்கட்சியினராயினர். பணமும் உண்டு. 2014ஆம் ஆண்டுத் தேர்தல்களில் செலவு செய்த அமைப்புகளுக்கு 1 கோடியே 7 லட்சம் டாலர் அளித்ததாக மேற்சொன்ன மின் நிறுவனத்தின் தாய் நிறுவனம் 2019இல்தான் ஒப்புக்கொண்டது. தனக்குக் கட்டணம் விதிக்கும் நீதிபதியின் தேர்தலுக்குத் தானே செலவு செய்வது எந்த நாட்டு நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

இவற்றினும் நுட்பமான இடர் ஒன்று உண்டு. ஆணையத்தார் பாதி சட்டம் இயற்றுவோர், பாதி நீதிபதி. நிலுவையிலுள்ள வழக்கில் இப்படித்தான் தீர்ப்பேன் என்று முன்கூட்டி வாக்களிப்பது முறையாகாது. 'சான்றைப் பார்த்தபின் சொல்கிறேன்' என்பது விஞ்ஞானிக்கு இயல்பான மறுமொழி, நீதிபதிக்கு ஏற்ற மறுமொழி. மேடையில் அது கைத்தட்டல் பெறாது.

எனினும் கணக்கறிந்தவர் என்றும் தோற்பவர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஜார்ஜியா மாநிலத்தில் வோக்டில் அணுமின் நிலையத்தின் இரு புதிய உலைகளுக்கு முதலில் போட்ட மதிப்பு ஏறக்குறைய 1,400 கோடி டாலர். குறித்த காலத்துக்கு ஏழாண்டு பிந்தி, 2024இல் பணி முடிந்தபோது செலவு 3,000 கோடியைக் கடந்திருந்தது. கட்டணம் அடுத்தடுத்து உயர்ந்தது. 2025 நவம்பரில் அம்மாநில ஆணையத் தேர்தலில் பதவியிலிருந்த இருவரும் பெரும் வாக்கு வேறுபாட்டில் தோற்றனர். வென்றவர் அலிசியா ஜான்சன், பீட்டர் ஹப்பர்ட். ஹப்பர்ட் மின் அமைப்புகளைக் கணிப்பொறியில் கணித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர். பல ஆண்டுகளாக ஆணையத்தின் விசாரணைகளில் வெளியாராக வந்து, நிறுவனத்தின் திட்டத்துக்கு மாற்றுக் கணக்கைத் தாக்கல் செய்துவந்தார். முன்பு எவர் முன் நின்று எண்களை விளக்கினாரோ அவருள் ஒருவருடைய நாற்காலியில்தான் அவரை மக்கள் அமர்த்தினர். அந்த இடத்துக்கு 2026இலேயே மறுபடி தேர்தல் என்பது விதி. தம் கணக்கை மெய்ப்பிக்க அவருக்கு முதலில் கிடைத்தது ஓராண்டுதான்.