காசு வாங்காவிட்டாலும் அது வேலைதான்

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று வரிசையாக நாட்கள் நெருங்கினால் போதும், பிரிட்டனில் படிக்கும் நம் பிள்ளைகளிடமிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். டிக்கெட் விலையைப் பார்த்து ஊருக்குப் போகவில்லை. அறைக்குள் முடங்கிக் கிடப்பதற்குப் பதில் எங்காவது போய் நாலு பேருக்குச் சோறு போடலாமே என்கிறார்கள். நல்ல எண்ணம். கேட்டுவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. போய்விட்டு வந்து கேட்கிறவர்களுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

நடந்ததைச் சொல்லச் சொன்னால் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தெரிந்த அண்ணன் ஒருவர் உணவகம் வைத்திருக்கிறார். பண்டிகைக்கு வீடற்றவர்களுக்கு இலவசச் சாப்பாடு, கைகொடு தம்பி என்று கூப்பிடுகிறார். தம்பியும் காலையிலேயே போய்ப் பொட்டலம் கட்டுகிறான். மத்தியானம் கூட்டம் ஏறியதும் காசு கொடுத்துச் சாப்பிட வந்தவர்களின் மேசையைத் துடைக்கிறான், பாத்திரம் கழுவுகிறான். கிளம்பும்போது ஒரு பார்சல் பிரியாணியும், “பஸ்ஸுக்கு வெச்சுக்கோ” என்று 40 பவுண்டும் கைக்கு வருகின்றன. தம்பி இதைத் தொண்டு என்கிறான். பிரிட்டனின் உள்துறையான ஹோம் ஆபீஸ் இதை வேலை என்று சொல்லும்.

ஸ்டூடன்ட் விசாவில் தொண்டு செய்யத் தடை இல்லை, நேரக் கணக்கும் இல்லை. ஆனால் எது தொண்டு என்பதில் ஹோம் ஆபீஸ் கறாராக இருக்கிறது. ஒப்பந்தம் இருக்கக் கூடாது. சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்ய வேண்டிய வேலையை நீங்கள் நிரப்பக் கூடாது. பணமாகவோ பொருளாகவோ கூலி வரக் கூடாது. நியாயமான பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பொதுவாக அது அறக்கட்டளைக்கோ தன்னார்வ அமைப்புக்கோ அரசுத் துறைக்கோ செய்வதாக இருக்க வேண்டும். இதற்குள் அடங்காவிட்டால், பைசா வாங்காவிட்டாலும் அது வேலைதான். உங்கள் வார வேலை நேரத்தில் அது சேர்ந்துவிடும்.

பட்டப்படிப்பு நிலையில் இருப்பவர்களுக்குப் படிப்புப் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி. அதற்குக் கீழ்ப்பட்ட படிப்பு என்றால் 10. வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. சூப்பர் மார்க்கெட்டில் ஏற்கெனவே 20 மணி நேரம் பார்த்தவன் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கடையில் ‘சும்மா’ நாலு மணி நேரம் நின்றால் 24. விசா நிபந்தனை உடைந்தது. தீபாவளி பருவ காலத்தில்தான் வரும், பொங்கலும் பல இடங்களில் அப்படியே. கிறிஸ்துமஸ் விடுமுறைதானே என்பவர்கள் தங்கள் படிப்புக்கான அதிகாரபூர்வ விடுமுறைத் தேதிகளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஆராய்ச்சி மாணவர்களுக்குப் பெரும்பாலும் அந்த விடுமுறையே கணக்கில் கிடையாது. விடுமுறையில் முழுநேரம் வேலை செய்யலாம் என்பது உண்மைதான். அப்போது அண்ணன் உங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டியவர், பிரியாணிப் பார்சலோடு முடித்துவிட முடியாது. சட்டவிரோதமாக ஆள் வைத்தால், முதல் முறை என்றாலே ஓர் ஆளுக்கு 45,000 பவுண்டு வரை அபராதம் என்று 2024 பிப்ரவரியில் உயர்த்தினார்கள். அதைக் கட்டப்போவது அவர், ஆனால் விசா போவது உங்களுக்கு.

சரி, எப்படிப் போவது? முதலில், அந்த அமைப்பு பதிவு செய்த அறக்கட்டளைதானா என்று பாருங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் என்றால் சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் பெயரையோ பதிவு எண்ணையோ போட்டால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிப் பதிவேடுகள். ஸ்காட்லாந்து எண்கள் ‘எஸ்சி’ என்று தொடங்கும். சுவரொட்டியில் ‘சாரிட்டி’ என்று அச்சடித்திருப்பதெல்லாம் பதிவு ஆகாது.

அடுத்து, அங்கே தொண்டர்களைக் கவனிக்கும் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல். நான் ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிறேன். இது ஒப்பந்தம் இல்லாத தொண்டு, சம்பள ஆளின் இடத்தை நான் நிரப்பவில்லை, ரசீது காட்டிய செலவை மட்டுமே தருவீர்கள் என்று எழுதி அனுப்ப முடியுமா? இவ்வளவுதான். ஒழுங்கான அமைப்பு முகம் சுளிக்காமல் பதில் போடும். “அதெல்லாம் எதுக்குப்பா” என்று போனில் மழுப்பினால் அந்த இடத்துக்குப் போகாதீர்கள். போனில் சொன்னது போதாது, எழுத்தில் வாங்குங்கள். அந்தப் பதிலையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அவர்கள் பத்து இணைப்புகளை ஒட்டி, ‘இவற்றைப் படிக்கவும்’ என்று தட்டிக்கழிப்பது வழக்கம். விடாமல், என் விஷயத்தில் ஆமாவா இல்லையா என்று மறுபடி கேளுங்கள்.

செலவு விஷயத்தில் நம்மவர்கள் காட்டும் அலட்சியம் தாங்க முடியவில்லை. பஸ்ஸுக்கு ஏழு பவுண்டு ஆனால் ஏழு பவுண்டு வாங்குங்கள், டிக்கெட்டையோ கார்டுக் கணக்கையோ எடுத்து வையுங்கள். எல்லாருக்கும் சமமாக 20 பவுண்டு என்று உறையில் போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள். செலவுக்குக் கணக்கு இல்லாத பணத்தைக் கூலி என்று சொல்ல அதிக நேரம் ஆகாது.

குழந்தைகளோடோ முதியவர்களோடோ இருக்கும் பணி என்றால் டிபிஎஸ் என்ற குற்றப் பின்னணிச் சோதனை கேட்கலாம். அந்த வகைச் சோதனைக்கு நீங்களாக விண்ணப்பிக்க முடியாது, அமைப்புதான் விண்ணப்பிக்கும். தொண்டர்களுக்கு அதில் அரசுக் கட்டணமும் கிடையாது. ‘டிபிஎஸ் கட்டணம், பதிவுக் கட்டணம்’ என்று முன்பணம் கேட்கும் ஆளிடமிருந்து விலகுங்கள். விசா நிலையைக் காட்டச் சொன்னால் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். இ-விசா கணக்கில் நுழைந்து ஷேர் கோடு எடுத்துக் கொடுத்தால் போதும். அது 90 நாள் செல்லும்.

மகனையும் மகளையும் பார்க்க விசிட்டர் விசாவில் வரும் பெற்றோருக்குக் கணக்கு வேறு. அவர்கள் மொத்தமாக 30 நாட்களுக்கு மேல் தொண்டு செய்யக் கூடாது, அதுவும் அந்த மூன்று பதிவேடுகளில் ஒன்றில் இருக்கும் அறக்கட்டளைக்கு மட்டுமே. சமூக நல நிறுவனம் என்று கம்பெனியாகப் பதிந்துகொண்டவை இதில் வராது. கோயில் அன்னதானமாக இருந்தாலும் கோயிலின் பதிவு எண்ணைப் பாருங்கள். பாட்டி வடை சுடுவதை யார் கேட்கப்போகிறார்கள் என்ற சிரிப்பு, அடுத்த முறை விமான நிலையத்தில் அதிகாரி “போன தடவை என்ன செய்தீர்கள்” என்று கேட்கும்போது இருக்காது.

உண்டியல் குலுக்கும் ஆசை இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். தெருவில் நிதி திரட்ட உள்ளூர் கவுன்சிலின் அனுமதி வேண்டும். லண்டனின் பெரும்பகுதியில் அதைக் கொடுப்பது மெட்ரோபாலிட்டன் போலீஸ். அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் உண்டியலைத் தொடாதீர்கள்.

ஏற்கெனவே தவறிப் போயிருந்தால்? உடனே நிறுத்துங்கள். எந்த நாள், எத்தனை மணி நேரம், என்ன வேலை, கைக்கு என்ன வந்தது என்று நினைவில் இருக்கும்போதே எழுதி வையுங்கள். பிறகு ஆலோசகரிடம் போங்கள். அவர் வழக்கறிஞராகவோ, இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும். 2025 ஜனவரி வரை ஓஐஎஸ்சி என்று இருந்த அமைப்புதான் இது. பதிவில்லாமல் குடியேற்ற ஆலோசனையைத் தொழிலாகச் செய்வதே குற்றம், மளிகைக் கடை வாசலில் அந்தத் தொழிலை நடத்தும் மாமாவுக்கும் இது பொருந்தும். அடுத்த விசா விண்ணப்பத்தில் நிபந்தனை மீறினீர்களா என்ற கேள்வி வரும்போது பொய் எழுதாதீர்கள். நாலு மணி நேரத் தவறை விளக்கிப் பார்க்க வழி உண்டு. ஏமாற்றினார் என்று முத்திரை விழுந்தால் 10 ஆண்டுத் தடை வரை போகும். மறுபடியும் சொல்கிறேன், பொய் எழுதாதீர்கள்.

டிசம்பர் 25 அன்று போகிறவர்களுக்கு இன்னொன்று. அன்று லண்டனில் டியூப் ஓடாது, பஸ்ஸும் ஓடாது. நடக்கும் தூரத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துச் சில வாரங்களுக்கு முன்பே ஷிஃப்ட் போட்டுவையுங்கள், பெரிய அமைப்புகளில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். டாக்ஸியில்தான் போக வேண்டும் என்றால் அந்தச் செலவைத் தருவார்களா என்பதையும் முன்கூட்டியே, எழுத்தில், கேட்டுவிடுங்கள்.