வலிக்கு ஒரு தராசு

என் கெட்டிக்காரச் செல்லமே, கன்னத்தில் விரலை வைத்துப் பல்லை இறுகக் கடி. உள்ளே பந்துபோல ஒன்று திரள்கிறதா? நீ தின்னும் முறுக்கை நொறுக்கித் தருவது அந்தத் தசைதான். இப்போது நெற்றிப்பொட்டில் விரல் வைத்துக் கடி. அங்கேயும் ஒன்று அசைகிறது, இல்லையா? இரண்டும் தாடையை மூடும் தசைகள்.

சிலருக்கு இவை வலிக்கும். மருத்துவர் விரலால் அழுத்தி, "வலிக்குதா?" என்பார். ஆனால் எவ்வளவு அழுத்தினார்?

மாம்பழக் கடையை நினைத்துக்கொள். ஒரே பழத்தை அம்மா மெல்லத் தொட்டு, "காய்" என்பார். தாத்தா அழுத்திப் பார்த்து, "கனிஞ்சிடுச்சு" என்பார். பழம் ஒன்றுதான், விரல்தான் வேறு.

இப்படி விரலுக்கு விரல் மாறாமல் அழுத்தத்தை அளக்க வந்த கருவி ஆல்கோமீட்டர். கிரேக்க மொழியில் 'அல்கோஸ்' என்றால் வலி. கருவியின் முனையில் 1 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ரப்பர் வட்டம் இருக்கும். அதைத் தசைமேல் வைத்து, அழுத்தத்தை ஒரே சீராகக் கூட்டுவார்கள். வெறும் அழுத்தம் வலியாக மாறும் அந்த முதல் நொடியில், நோயாளி கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். அப்போதைய எண்தான் அளவு. எவ்வளவு தாங்குவாய் என்ற போட்டி அல்ல இது!

சரி, வேகமாக அழுத்தினால் என்ன? நீயே சொல். "நில்!" என்றதும் நடப்பவன் அங்கேயே நிற்பான். ஓடுபவன் நாலடி தாண்டித்தான் நிற்பான். அப்படித்தான், பொத்தானை அமுக்குவதற்குள் அழுத்தம் தாண்டி ஓடிவிடும்; எண் கூடிவிடும். புரிந்ததா?

இடம் மாறினாலும் எண் மாறும். அதனால் தோலில் பேனாவால் புள்ளி வைப்பார்கள். பல்லைக் கடிக்காமல் தாடையைத் தளர விடச் சொல்வார்கள். இறுகிய தசை கூடுதலாகத் தாங்குமே! நடுநடுவே ஓய்வு கொடுத்துப் பலமுறை அளந்து, சராசரி எடுப்பார்கள். இன்றும் நாளையும் ஏறக்குறைய ஒரே எண் வந்தால்தான் அந்த அளவை நம்பலாம்.

கருவி இல்லாவிட்டால்? விரலையே பழக்கலாம். தாடை வலியைக் கண்டறிய 2014-இல் வெளியான சர்வதேச நெறிமுறை, தாடையை மூடும் இந்த இரு தசைகளையும் 1 கிலோ அளவுக்கு அழுத்திப் பார்க்கச் சொல்கிறது.

உன் விரலையும் பழக்கிப் பார்க்கிறாயா? சமையலறைத் தராசைக் கேட்டு வாங்கு. கண்ணை மூடி, 1 கிலோ என்று தோன்றும்வரை ஒரு விரலால் தராசை அழுத்து. தம்பியின் கன்னத்தை அல்ல! ஐந்து முறை செய்து, ஐந்து எண்களையும் எழுதி வை.