தலைநகரில் ஓடவும் ஏறவும்

தோட்டத்தில் லயத்துக்கு எதிரிலேயே திடல் உண்டு. பிள்ளைகள் தாமாகவே ஓடியாடி வளருகிறார்கள். கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய் அடுக்குமாடி வீட்டில் குடியேறியதும் உடல் முடங்கிவிடுகிறது. காசு செலவில்லாமல் உடலைப் பேண அங்கும் இடமுண்டு என்று அவர்களுக்கு எழுதுங்கள்.

1888இல் உருவான பெர்டானா பூங்காவும் தித்திவங்சா ஏரிக்கரையும் காலை நடைக்கு ஏற்றவை. இரட்டைக் கோபுரத்தின் அருகே 1.3 கிலோமீட்டர் ஓட்டப்பாதை உண்டு. ரப்பர் பதித்தது, முழங்காலுக்கு இதமானது. நாம் வெட்டிய பாலோ என்னவோ!

பத்துமலையின் 272 படிகளை அறியாதவர் யார்? அதே சுண்ணாம்புக் குன்றின் வேறொரு பக்கம் குவா டாமாய். அங்கே இளைஞர்கள் செங்குத்துப் பாறையில் ஏறுகிறார்கள். மழைநீர் அரித்த குழிகளே விரலுக்குப் பிடி. ஏறுபவரின் இடுப்பிலிருந்து உயரே கொக்கி வழியாகச் செல்லும் கயிற்றைக் கீழே ஒருவர் பிடித்திருப்பார். கை நழுவினால் அந்தக் கயிறுதான் தாங்கும். ஆகவே கீழே நிற்பவர் பராக்குப் பார்க்கலாகாது. புதியவர்கள் பயிற்சியாளர் இல்லாமல் ஏறவே கூடாது.

பனித்தரைச் சறுக்கு நகருக்கு வெளியே சன்வே பிரமிட் பேரங்காடியில் உண்டு, அதற்குக் கட்டணம். சக்கரப் பலகை கேட்கும் பிள்ளைக்கு முதலில் தலைக்கவசமும் முழங்கால் காப்பும் வாங்குங்கள், பலகை பிறகு.