முழங்காலின் சுழல்மையம் எங்கே?

கதவு எந்த அச்சில் சுழல்கிறது என்பதைக் கீலைப் பார்த்தாலே சொல்லிவிடலாம். நம் முழங்காலுக்கும் அப்படி ஓர் அச்சு உண்டா? ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள்.

இரண்டு தடித்த அட்டைகளை மேலும் கீழுமாக வையுங்கள். மேலே இருப்பது தொடை. கீழே இருப்பது கெண்டைக்கால். இரண்டு அட்டைப் பட்டைகளைப் பெருக்கல் குறிபோல் குறுக்காக வைத்து, நான்கு முனைகளையும் தளர்வாகக் குண்டூசியால் இணையுங்கள். இனி கீழ் அட்டையை மடக்குங்கள். பட்டைகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி நகர்கிறது அல்லவா? அந்தந்தக் கணத்தில் அதுவே சுழல்மையம். நம் முழங்காலுக்குள்ளும் இரண்டு உறுதியான நார்கள் இப்படித்தான் குறுக்காக ஓடுகின்றன. ஆகவே முழங்காலுக்கு நிலையான அச்சு இல்லை.

மணிமங்கலத்திலிருந்து ஒரகடத்திற்கு வேலைக்குச் செல்லும் ஒருவர் பேருந்துக்காக ஒரு கிலோமீட்டர் நடந்தால், ஒவ்வொரு முழங்காலும் ஏறத்தாழ 700 முறை மடங்கி நிமிரும். அப்போது மூட்டின் உள்ளே எவ்வளவு விசை செயல்படுகிறது? காலைத் திறந்து அளக்க முடியாது, கணக்கிடத்தான் வேண்டும். காலில் சிறு பந்துகளை ஒட்டி, பல காமிராக்களால் படமெடுத்து, முடுக்கத்தைக் காண்கிறார்கள். தரையில் பதித்த விசைத்தட்டு, தரை பாதத்தை உந்தும் விசையைத் தருகிறது. நியூட்டனின் இரண்டாம் விதியை முதலில் பாதத்திற்கும், பிறகு கெண்டைக்காலுக்கும் பயன்படுத்தினால், முழங்காலின் திருப்புத்திறன் கிடைக்கும்.

இங்கே ஒரு சிக்கல். முழங்காலைக் கடக்கும் தசைகள் பத்துக்கு மேல், சமன்பாடுகளோ சில. எந்தத் தசை எவ்வளவு இழுத்தது? தசைகளின் மொத்த உழைப்பு மிகக் குறைவாக இருக்கும்படி உடல் வேலையைப் பங்கிடுகிறது என்று கொண்டு, கணிப்பொறி விடை தேடுகிறது. 1970ஆம் ஆண்டில் மாரிசன் என்ற ஆய்வாளர், நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப்போல் 2 முதல் 4 மடங்கு என்று கணக்கிட்டார். பிற்காலத்தில் உணர்கருவி பொருத்திய செயற்கை மூட்டுகள் 2 முதல் 3 மடங்கு என்று அளந்து காட்டின. 60 கிலோ எடையுள்ளவரின் மூட்டில் சுமார் 150 கிலோ! சுழல்மையத்திற்கு மிக அருகில் பிடித்து இழுப்பதால், தசைகள் பெருவிசையுடன் இழுக்க வேண்டியிருப்பதே காரணம்.

இந்தக் கணக்கால் யாருக்கு என்ன பயன்? தொடைக்குக் கீழே காலை இழந்தவரை எண்ணிப் பாருங்கள். செயற்கை முழங்காலைப் பிடித்து நிறுத்த அவருக்குத் தசை இல்லை. குதிகால் தரையைத் தொடும் கணத்தில் மூட்டு மடங்கினால் விழுந்துவிடுவார். தரை தரும் விசையின் கோடு சுழல்மையத்திற்கு முன்னால் சென்றால் கால் நிமிர்ந்தே நிற்கும். பின்னால் சென்றால் மடங்கும். ஒற்றை அச்சுடைய மூட்டில் மையம் அசையாது. நான்கு இணைப்புகள் கொண்ட மூட்டிலோ, கால் நிமிர்ந்திருக்கையில் மையத்தை மேலேயும் பின்னாலும் அமைக்கலாம். மடங்க வேண்டிய நேரத்தில் அது தானே இடம் மாறும். இணைப்புகளின் நீளத்தைச் சற்று மாற்றினாலும் மையத்தின் பாதை மாறிவிடும். எத்தனையோ அளவுகளைச் செய்து பார்க்காமலே ஒப்பிட்டுச் சொல்வது கணிப்பொறியின் வேலை.

சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வு ஆராய்ச்சி மையம், பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் உருவாக்கிய 'கதம்' என்ற செயற்கை முழங்கால் இந்த வகையைச் சேர்ந்தது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த அது 160 பாகை வரை மடங்கும். பேருந்தின் நெருக்கமான இருக்கையிலும் அமரலாம்.

இத்தனைக்கும் அடிப்படை, மேல்நிலை வகுப்பில் நீங்கள் படிக்கும் விசையும் திருப்புத்திறனும்தான்.