கூதிர்க் காலமும் குடும்பச் செட்டும்

மேனாட்டார் ஓராண்டை நான்கு பருவங்களாக வகுத்தனர். நம் முன்னோர் அதனை ஆறாக வகுத்து, ஐப்பசி கார்த்திகை மாதங்களைக் கூதிர் என்று அழைத்தனர். மேனாட்டாரின் இலையுதிர் காலத்தோடு பெரும்பாலும் ஒத்து வருவது இக்கூதிரே. அங்கே அது களஞ்சியத்தை நிரப்பி, விறகைச் சேர்த்து, வரப்போகும் பனிக்கு வீட்டை ஆயத்தப்படுத்தும் காலம். இங்கே அது வடகிழக்குப் பருவமழையின் காலம்; தீபாவளியின் காலமும் அதுவே. சேர்வராயன் மலையில் வாழ்வோர்க்கோ மற்றொரு காரணத்தாலும் அது சிறப்புடையது. ஆண்டு முழுவதும் எதிர்பார்த்திருந்த காப்பிப் பழம் அப்பொழுதுதான் சிவக்கத் தொடங்குகின்றது. குடும்பத்தின் நல்வழக்கங்களும் பண ஒழுங்கும் இப்பருவத்தின் தொடக்கத்திலேயே, அதாவது பணம் கைக்கு வருமுன்னரே, அமைக்கப்படல் வேண்டும் என்பதை ஏற்காட்டு மலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேலம் நகருக்கு வடகிழக்கே, கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது ஏற்காடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஜில்லாவின் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் என்பார் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பர். இன்று சில்வர் ஓக் முதலிய மரங்களின் நிழலில் காப்பியும், அம்மரங்களைப் பற்றிப் படரும் கொடிகளில் மிளகும் விளைகின்றன. மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் பெய்யும் கோடை மழையால் காப்பி பூக்கின்றது. அரபிக்கா வகைக் காப்பியின் பழம் பெரும்பாலும் நவம்பர் முதல் ஜனவரி வரை பறிக்கப்படுகின்றது. அதனை அடுத்து மிளகு வருகின்றது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். நிலத்தின் வேலை ஆண்டு முழுவதும் உண்டு. நிலம் தரும் பணமோ சில மாதங்களில் மட்டும் வருகின்றது. தோட்டங்களில் நிரந்தர வேலை பெற்றோர்க்கு மாதந்தோறும் கூலி கிடைக்கின்றது. ஆயினும் பறிப்புக் காலத்தில் மட்டும் அழைக்கப்படுவோர்க்கும், ஓரிரண்டு ஏக்கர் காப்பியையே நம்பி வாழும் சிறு விவசாயிகளுக்கும் அம்மாதங்களே அறுவடை. செலவு அவ்வாறு பருவம் பார்த்து வருவதில்லை. அரிசியும் எண்ணெயும் நாள்தோறும் வேண்டும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவோ ஜூன் மாதத்தில் ஒருங்கே வந்து நிற்கும். ஜனவரியில் வந்த பணம் ஜூன் மாதம் வரை வீட்டில் தங்காவிடின், குடும்பம் கடன்காரனை நாடுகின்றது.

அக்கடனின் இயல்பை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் கட்டணம், புத்தகம், சீருடை ஆகியவற்றிற்காக ஜூன் மாதத்தில் 12,000 ரூபாய் தேவைப்படுகின்றது என்று கொள்வோம். நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டி என்று சொல்லிக் கடன் கொடுக்கின்றனர். கேட்பவர் காதுக்கு மூன்று என்பது சிறிய எண். அது மாத வட்டி என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. ஆண்டுக்கு அது நூற்றுக்கு முப்பத்தாறு ஆகின்றது. மாதந்தோறும் வட்டி 360 ரூபாய்; டிசம்பர் மாதம் பறிப்புக் கூலியைக் கொண்டு கடனைத் தீர்க்கும்பொழுது, ஆறு மாத வட்டியாகிய 2,160 ரூபாயும் சேர்ந்து 14,160 ரூபாய் கொடுக்க வேண்டியதாகின்றது. ஆகவே அவ்வாண்டின் அறுவடை வீட்டிற்கு வருமுன்னரே குறைந்துவிட்டது. மறு ஜூன் மாதம் மீண்டும் அதே தேவை. மீண்டும் அதே கடன். இவ்வாறு ஆண்டுகள் சில சென்றபின், "மூத்தவன் படித்தது போதும், வேலைக்குப் போகட்டும்" என்ற சொல் ஒரு நாள் அவ்வீட்டில் பிறக்கின்றது. கல்லூரியின் வாயில் வரை வந்திருக்க வேண்டிய மாணவன் அன்றே திரும்பிவிடுகின்றான்.

இதற்கு மாற்று யாது? நவம்பர் முதல் ஜனவரி வரை ஏறக்குறைய பன்னிரண்டு வாரங்கள். வாரம் ஒன்றுக்கு 1,000 ரூபாய் எடுத்து வைப்பின் 12,000 ரூபாய் ஆகும். முதலாண்டில் பழைய கடனும் இருத்தலின் இது இயலாது என்று சிலர் கூறுவர். அது நேர்மையான தடையே. அத்தகையோர் முதலாண்டில் வாரம் 500 ரூபாய் எடுத்து வைத்து, ஜூன் மாதத்தில் பாதித் தொகைக்கு மட்டும் கடன் வாங்குவாராயின், செலுத்தும் வட்டியும் பாதியாகும். அடுத்த ஆண்டில் அந்த மிச்சமும் சேமிப்பிற்குத் துணை செய்யும். பல ஆண்டுகளாகப் பின்னிய வலை ஒரே இழுப்பில் அறுவதில்லை. இழை இழையாகவே அறுக்க வேண்டும்.

இனி, பறிப்புக் காலத்துப் பணம் ஏன் தங்குவதில்லை என்பதை ஆராய்வோம். முதற் காரணம், அப்பணத்திற்கு இடம் குறிக்கப்படாமையே. தீபாவளியை ஒட்டிப் பல தோட்டங்களிலும் ஆலைகளிலும் போனஸ் வழங்கப்படுகின்றது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்த அளவாக 8.33 சதவீதத்தை வகுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அவ்விகிதத்தையே கொண்டுள்ளது. இது ஆண்டுக் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதக் கூலி. இத்தொகை கைக்கு வரும் வாரத்தில்தான் துணிக்கடையும், தவணைக்குப் பொருள் தருவோரும், மதுக்கடையும் நம்மை அழைக்கின்றன. முன்னரே இடம் குறிக்கப்படாத பணம் முதலில் அழைத்தவரிடம் செல்லும். ஆதலின் பணத்தைப் பங்கிடும் பேச்சு, பணம் வந்த நாளில் அன்று, புரட்டாசி மாதத்திலேயே கணவனும் மனைவியும் கூடியிருந்து பேச வேண்டிய பேச்சாகும். வளர்ந்த பிள்ளைகளும் அதனைக் கேட்டல் நலம்.

பண ஒழுங்கு தனியே நிற்பதன்று. வீட்டின் அன்றாட ஒழுங்கே அதற்கு அடித்தளம். கூதிர்க் காலத்தில் பகல் சுருங்குகின்றது. ஏற்காட்டில் ஜூன் மாதத்து நெடும்பகலைக் காட்டிலும் டிசம்பர் மாதத்துப் பகல் ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிஷம் குறைவு. மழையும் மூடுபனியும் அக்குறைந்த பகலையும் மங்கச் செய்கின்றன. எனவே கோடையில் பொருந்திய கால அட்டவணை இப்பொழுது பொருந்தாது. புரட்டாசி வெயிலில் தானியத்தையும் பருப்பையும் உலர்த்திப் பத்திரப்படுத்தல், ஓட்டையும் கூரையையும் செப்பனிடல், விறகை நனையாத இடத்தில் அடுக்கல், கம்பளிகளை வெயிலில் காயவைத்தல் ஆகியன மழைக்கு முன் முடிக்க வேண்டியவை. நீரைக் காய்ச்சிக் குடித்தல், ஈர உடையோடு இராமை, குறித்த நேரத்தில் உண்டு உறங்குதல் ஆகியன மழைக்காலம் முழுவதும் கைக்கொள்ள வேண்டியவை. இவற்றைச் சிறு செய்திகள் என்று தள்ளலாகாது. பறிப்புக் காலத்தில் ஒருவர் காய்ச்சலால் பத்து நாள் படுப்பின், மருந்துச் செலவோடு பத்து நாட் கூலியும் போகின்றது. பூசணம் பிடித்த ஒரு மூட்டைப் பருப்பை மறுபடியும் விலை கொடுத்து வாங்க நேர்கின்றது.

பண வழக்கங்களுள் மூன்றை மட்டும் இங்கே கூறுவோம். முதலாவது, செலவுக்கு முன் சேமிப்பு. மீதி இருந்தால் சேமிப்போம் என்பவர்க்கு மீதி இருப்பதில்லை. கூலி வந்த அன்றே குறித்த பங்கை எடுத்து வைத்துவிட்டு, எஞ்சியதைச் செலவுக்குக் கொள்ளல் வேண்டும். இரண்டாவது, எழுத்து. ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். இரவு உணவுக்குப்பின் ஐந்து நிமிஷம் ஒதுக்கி, அன்றைய வரவையும் செலவையும் எழுதுக. எழுதத் தெரியாத பெற்றோர்க்குப் படிக்கும் பிள்ளையே கணக்கனாகலாம். மாத முடிவில் அப்புத்தகம் எவர் மீதும் குற்றம் சாட்டாமல் உண்மையைச் சொல்லும். மூன்றாவது, பிடியரிசி. சமைக்கும்பொழுதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறொரு பானையில் இடும் வழக்கம் நம் கிறிஸ்தவ சபைகளில் காணிக்கையாகவும், பிறர் இல்லங்களில் தருமமாகவும் அறியப்பட்டதே. ஒரு பிடியை ஐம்பது கிராம் என்று கொண்டால், நாளுக்கு இருவேளையும் சேர்த்து நூறு கிராம்; ஆண்டுக்குச் சற்றேறக்குறைய முப்பத்தாறு கிலோ. அதில் ஒரு பகுதி சபைக்கும் ஏழைக்கும் சென்றாலும், மறு பகுதி வேலையற்ற மாதத்தில் அடுப்பெரிய உதவும்.

சேமித்ததை எங்கே வைப்பது என்பது சேமிப்பதினும் அரிய வினா. இதற்கு நம் மாகாணத்தின் வரலாறே விடை தருகின்றது. 1906ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இதே பருவத்தில், சென்னையில் பெருமதிப்புப் பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. பெயரின் பெருமையை நம்பிப் பணம் வைத்திருந்த பல்லோர் தம் வாழ்நாட் சேமிப்பை இழந்தனர். அத்துன்பத்தினின்றே, வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907ஆம் ஆண்டில் இந்தியன் வங்கி தோன்றிற்று. அதற்கு மூன்றாண்டுகட்கு முன், 1904ஆம் ஆண்டில், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் இயற்றப்பட்டு, எளியோர் தம்முள் ஒருவர்க்கொருவர் துணையாகும் வழி திறக்கப்பட்டிருந்தது. தபால் நிலையச் சேமிப்பு வங்கியோ 1882ஆம் ஆண்டு முதல் நடந்து வருகின்றது.

இவ்வரலாறு கற்பிப்பது யாதெனின், மிகுந்த வட்டி தருவோம் என்ற சொல்லைக் காட்டிலும், பணம் எந்தச் சட்டத்தின் காவலில் உள்ளது என்பதே கேட்கத் தக்க முதற் கேள்வி என்பதாம். காப்புறுதி பெற்ற வங்கிகளில் ஒருவர் வைத்துள்ள பணத்திற்கு, ஒரு வங்கிக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை 2020ஆம் ஆண்டு முதல் காப்புறுதி உண்டு. தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு என்று தெருவில் பிடிக்கப்படும் சீட்டுகளோ பல, முறையான பதிவில்லாதவை. சீட்டு நடத்துவோரை ஒழுங்குபடுத்த 1982ஆம் ஆண்டிலும், முறையற்ற வைப்புத் திட்டங்களைத் தடுக்க 2019ஆம் ஆண்டிலும் மத்திய சட்டங்கள் பிறந்தன. சீட்டுப் போடுவோர் பதிவுச் சான்றைக் காட்டுமாறு கேட்கத் தயங்கலாகாது. கேட்பது அவமதிப்பு அன்று. மறைப்பதே ஐயத்திற்கு இடமாவது.

காப்பித் தோட்டமே நமக்கு ஈண்டு ஓர் ஆசிரியனாக நிற்கின்றது. ஒரு செடியின் பழமெல்லாம் ஒரே நாளில் பழுப்பதில்லை. பழுத்தவற்றை மட்டும் பறித்து, மீண்டும் மீண்டும் அச்செடிக்கே வருகின்றனர். பறிப்பு முடிந்தபின்னும் வேலை முடிவதில்லை. செடியில் எஞ்சியதும் நிலத்தில் உதிர்ந்ததுமாகிய பழங்களைப் பொறுக்கி எடுத்தல் வேண்டும். 1990ஆம் ஆண்டில் நீலகிரி ஜில்லாவின் கூடலூர்ப் பகுதியில் இந்தியாவில் முதன்முதலாகக் காணப்பட்ட காப்பிக் காய்த்துளைப்பான் என்னும் சிறு வண்டு, அவ்வாறு விடப்பட்ட பழங்களில் தங்கிப் பெருகி, மறு ஆண்டு விளைவை அழிக்கின்றது. குடும்பக் கணக்கும் அத்தகையதே. சேமிப்பு வாரந்தோறும் சிறிது சிறிதாய்ப் பறிக்கப்படுவது. பறிப்பு முடிந்தபின் கடையில் நிற்கும் சில்லறைப் பாக்கி, அடகுக் கடையில் மறந்த சிறு நகை, தீராத கைமாற்று ஆகியவற்றைப் பொறுக்கித் தீர்க்காவிடின், அவையே வட்டியைப் பெருக்கி அடுத்த அறுவடையைத் துளைக்கும்.

மாணவர்காள்! இச்செய்தி மலைவாழ் குடும்பங்கட்கு மட்டும் உரியதன்று. விடுதியில் வாழும் நீங்களும் மாதத் தொடக்கத்தில் வரவும், மாத முடிவில் வறுமையும் காண்கின்றீர்கள். உங்கள் ஜனவரியும் ஜூனும் ஒரே மாதத்திற்குள் அடங்கியுள்ளன. வீட்டிலிருந்து பணம் வந்த அன்றே உணவுக் கட்டணத்தையும் பரீட்சைக் கட்டணத்தையும் தனியே வைப்பவன், பெற்றோரை இரண்டாம் முறை கடன் வாங்கச் செய்யான். 1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய உலகச் சேமிப்பு மாநாடு, அம்மாதத்தின் முப்பத்தோராம் நாளைச் சேமிப்பு நாளாகக் குறித்தது. நம் நாட்டில் அது அக்டோபர் 30ஆம் நாள் கொண்டாடப்படுகின்றது. கூதிரின் தொடக்கமாகிய அந்நாளில் ஒரு கணக்குப் புத்தகத்தைத் தொடங்குதல் நன்று.

செட்டு வேறு, கருமித்தனம் வேறு. கருமி பணத்தைக் காப்பது பணத்திற்காக. செட்டுள்ளவன் காப்பது தன் வீட்டாரின் மானத்திற்காகவும், பிறர்க்கு உதவும் ஆற்றலுக்காகவும். எகிப்து தேசத்தில் யோசேப்பு செழிப்பான ஏழாண்டுகளில் சேர்த்து வைத்தமையால், பஞ்சத்தின் ஏழாண்டுகளில் அந்நாட்டாரேயன்றி அயல் நாட்டாரும் உயிர் பிழைத்தனர். சேர்வராயன் மலையின் ஒவ்வொரு வீட்டிற்கும் செழிப்புக் காலம் சில வாரங்களே. அவ்வாரங்கள் தொடங்குமுன் இடம் குறிக்கப்பட்ட பணம், ஜூன் மாதத்தில் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கும், பின்னர்க் கல்லூரிக்கும் அழைத்துச் செல்லும்.